பையன் கையில இருக்கும்போது ரம்மி விளம்பரம் வந்தா அவன் எதையோ தப்பா பார்த்தான்னு அர்த்தமா?

நீங்க கேட்டது இதுதான்: பையனுக்கு எட்டு வயசு, மூணாவது படிக்கிறான், ஸ்கூல் ப்ராஜெக்டுக்குப் படம் தேடவும் கொஞ்ச நேரம் கேம் ஆடவும் உங்க ஃபோனை வாங்குறான், அதுல ரம்மி, லோன் ஆப், அரைகுறை டிரஸ்ல பொண்ணுங்க வர்ற கேம் விளம்பரம், "உங்க ஃபோன்ல வைரஸ் இருக்கு"னு சிவப்புல மிரட்டுற பாக்ஸ் எல்லாம் வருது, இதை மொத்தமா நிறுத்துற ஆப் எது, காசு கட்டணுமா, இல்ல ஃபோனே கொடுக்காம விட்டுடலாமா. ஆனா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "பார்க்கக் கூடாத எதையோ பார்த்ததாலதான் இப்படி வருதுன்னு அவங்க அப்பா சொல்றார், பையனைக் கேட்டா அழுறான்"னு. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியா தெரியுது, அதனால முதல்ல அதுக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் செட்டிங்ஸ் பக்கம் வர்றேன்.

நான் சென்னைல டிஜிட்டல் மார்க்கெட்டிங்ல இருக்கேன், நகைக்கடை, ஃபிளாட் கட்டுறவங்க, கோச்சிங் சென்டர்னு உள்ளூர் ஆளுங்களுக்கு கூகுள்லயும் யூடியூப்லயும் ஆட் ஓட்டிக் கொடுக்கிறதுதான் பல வருஷமா பொழப்பு. அதாவது நீங்க தடுக்கணும்னு நினைக்கிற சமாச்சாரத்தை அனுப்புற பக்கத்துல உக்காந்திருக்கிற ஆள். அதனால விளம்பரம் எப்படி ஒரு ஸ்கிரீனுக்கு வந்து சேருதுன்னு தெளிவா சொல்ல முடியும், குழந்தை மனசுக்குள்ள அது என்ன பண்ணுதுங்கிறதுக்கு நான் டாக்டர் கிடையாது, அந்த இடம் வரும்போது மத்தவங்க கண்டுபிடிச்சதை மட்டும் சொல்றேன்.

ஒரு பேஜ் திறக்கும்போதோ கேம்ல ஒரு லெவல் முடியும்போதோ, அங்க காலியா இருக்கிற இடத்துக்குக் கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள ஒரு ஏலம் நடக்கும். அந்த ஏலத்துல கலந்துக்கிற கம்பெனிகளுக்கு உங்க பையன் யாருன்னே தெரியாது, ஃபோனைப் பிடிச்சிருக்கிறது சின்னக் கையா பெரிய கையான்னும் தெரியாது. ஏலத்துல கணக்குக்கு வர்றது என்னன்னா, இந்த ஃபோன்ல எந்த ஜிமெயில் லாகின்ல இருக்கு, அந்த அக்கவுண்டோட வயசு என்ன, சமீபத்துல எதைத் தேடுச்சு, எந்த ஊர், எந்த மாடல் ஃபோன், இப்ப திறந்திருக்கிறது எந்த ஆப் அல்லது எந்த சைட், இவ்வளவுதான். உங்க ஃபோன்ல நீங்க லாகின் பண்ணியிருந்தா ஏலத்துல நிக்கிறது முப்பத்தஞ்சு நாப்பது வயசு பொம்பளை, அவன் இல்ல. அவங்க அப்பா ஃபோன்னா அவங்க அப்பா. லோன் ஆப்காரனுக்கும் ரம்மிக்காரனுக்கும் அந்த வயசு ஆளுங்கதான் வேணும், அதனால காசு அதிகமா கேட்டு இடத்தைப் பிடிச்சிடுறாங்க, பாக்குறது மட்டும் எட்டு வயசுக் கண்ணு.

அதனால இது உறுதி: இந்த மாதிரி விளம்பரம் வந்ததை வெச்சு பையன் எதையோ பார்த்தான்னு முடிவு கட்டவே முடியாது. உறுதியா சொல்ல முடியாதது, அந்தக் குறிப்பிட்ட விளம்பரம் அந்த நிமிஷம் ஏன் வந்துச்சுங்கிறது. அது உங்க அக்கவுண்டால வந்திருக்கலாம், அந்த கேம் ஆப்பால வந்திருக்கலாம், ரம்மிக்காரன் தமிழ்நாடு முழுக்க ஆண்ட்ராய்ட் வெச்சிருக்கிற எல்லாருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருக்கலாம், இதை வெளிய இருந்து யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது, ஆட் போடுற எனக்கே என் ஆடைத் தனியா எந்த ஆள் பார்த்தார்னு காட்ட மாட்டாங்க. ஒரே ஒரு இடம் விதிவிலக்கு. புதுப்படம் திருட்டுத்தனமா ஓடுற சைட், கேமை ஹேக் பண்ணி காயின் தர்றேன்னு சொல்ற சைட், இதுலயெல்லாம் நல்ல கம்பெனிங்க ஆட் கொடுக்காது, அதனால அங்க வர்றதே பெட்டிங்கும் ஆபாசமும்தான். பையன் "ஃப்ரீ காயின்ஸ்"னு தேடி அங்க போயிருக்க வாய்ப்பு உண்டு, அப்படிப் போயிருந்தாலும் அவன் தேடினது காயின், நீங்க பயப்படுற விஷயம் இல்ல. ஹிஸ்டரில அந்த மாதிரி சைட் இருக்கான்னு நீங்களே அமைதியா ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடுங்க, அவனை உக்கார வெச்சு விசாரிக்க வேண்டாம்.

எங்க வேலைல இது இன்னொரு பக்கத்துல இருந்து தெரியும். கேம்பெய்ன் ஓடி முடிஞ்சதும் எந்தெந்த இடத்துல ஆட் ஓடுச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எடுக்கலாம். பெரியவங்களுக்குன்னு குறிவெச்சு ஓட்டின ஃபிளாட் விளம்பரம் கலரிங் ஆப்லயும், பலூன் உடைக்கிற கேம்லயும், ரைம்ஸ் சேனல்லயும் ஓடியிருக்கும், கிளிக்கும் நிறைய விழுந்திருக்கும். பாத்தா சந்தோஷமா இருக்கும், ஆனா ஒரு கஸ்டமர் போன் பண்ணியிருக்க மாட்டார், ஏன்னா கிளிக் பண்ணினது மூணு வயசு விரல். ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போகும், அதனால இந்தத் தொழில்ல இருக்கிறவங்க குழந்தை ஆப், குழந்தை சேனல் எல்லாத்தையும் ஒரு லிஸ்டா வெச்சு "இங்க என் ஆட் வேணாம்"னு விலக்கிடுவாங்க. நகைக்கடைக்காரனுக்கு உங்க பையன் வேணவே வேணாம். அவனை நிஜமாவே தேடி வர்றது மொபைல் கேம் கம்பெனி, பொம்மை, சாக்லேட், சிப்ஸ் விக்கிறவங்க. (ஃபோன் நம்ம பேச்சை ஒட்டுக்கேட்டு ஆட் போடுதான்னு எல்லாரும் கேப்பாங்க, ஆட் போடுற ஸ்கிரீன்ல அப்படி ஒரு ஆப்ஷனை நான் இதுவரை பார்த்ததில்ல. தேவையும் இல்ல, தேடினதும் பார்த்ததுமே அவங்களுக்குப் போதும்.)

இப்ப நிறுத்துறது எப்படின்னா, ஒரே ஆப்ல மொத்தமும் நிக்காது. விளம்பரம் எந்த வாசல் வழியா வருதுன்னு முதல்ல பாருங்க. வெப்சைட்டுக்குள்ளயா, கேமுக்குள்ளயா, யூடியூப்லயா, இல்ல எதையுமே திறக்காம ஹோம் ஸ்கிரீன்லயே வந்து விழுதா. நாலுக்கும் மருந்து வேற வேற, ஆட் பிளாக்கர் ஆப்னு ஒண்ணைப் போட்டுட்டு வேலை செய்யலன்னு சொல்றவங்க பெரும்பாலும் வாசல் மாத்திப் பூட்டினவங்கதான்.

நீங்க சொன்ன வைரஸ் எச்சரிக்கை மேல இருந்து நோட்டிஃபிகேஷனா வருதுன்னா அது வைரஸ் இல்ல. எப்பவோ ஒரு சைட் "அலவ்" கேட்டிருக்கும், நீங்க ரோபோ இல்லன்னு நிரூபிக்க அலவ் அழுத்துங்கன்னு ஏமாத்தி கேப்பாங்க, யாரோ அழுத்தியிருப்பீங்க, அதுல இருந்து அந்த சைட் குரோம் வழியா தினமும் அனுப்பிக்கிட்டே இருக்கும். குரோம்ல மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போனீங்கன்னா அனுமதி வாங்கின சைட் லிஸ்ட் இருக்கும், பேரே கேள்விப்படாததா நாலஞ்சு இருக்கும், எல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டு, மேல இருக்கிற சுவிட்சையே ஆஃப் பண்ணிடுங்க, இனி எந்த சைட்டும் கேக்கவே கேக்காது. எங்கிட்ட "ஃபோன்ல வைரஸ் வந்துடுச்சு"னு வர்ற சொந்தக்காரங்க ஃபோன்ல முக்கால்வாசி இதோட முடிஞ்சிடும்.

அப்படியும் நிக்காம, சும்மா ஃபோனை அன்லாக் பண்ணினாலே முழு ஸ்கிரீன்ல ஆட் வந்தா ஏதோ ஒரு ஆப் பண்ற வேலை. டார்ச், ஃபோன் கிளீனர், பேட்டரி சேவர், ஃபோட்டோல பூனைக் காது வெக்கிறது, இந்த ரகம். ஆட் வந்த உடனே ரீசன்ட்ஸ் பட்டனை அழுத்திப் பாருங்க, எந்த ஆப் பேர்ல அந்த விண்டோ இருக்குன்னு சில நேரம் காட்டிக் கொடுத்துடும். இல்லன்னா செட்டிங்ஸ்ல "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்"னு தேடி அந்தப் பெர்மிஷன் யார்கிட்ட இருக்குன்னு பாருங்க, டார்ச்சுக்கு எதுக்கு அது. தூக்கிடுங்க. இதோட, இப்ப வர்ற பட்ஜெட் ஃபோன் பலதுல கம்பெனியே லாக் ஸ்கிரீன்ல செய்தி, வீடியோன்னு ஒண்ணைப் போட்டுத்தான் தருது, அதுவும் விளம்பரம்தான், வால்பேப்பர் செட்டிங்ஸ்லயோ லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸ்லயோ அதை அணைக்கிற வழி இருக்கும்.

அடுத்தது அக்கவுண்ட். எங்கிட்ட ஒரே ஒரு வேலை மட்டும் செய்றேன் எது சொல்லுங்கன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன், பிளாக்கரைச் சொல்ல மாட்டேன். வீட்ல பழைய ஃபோனோ டேப்லெட்டோ இருந்தா அதை ரீசெட் பண்ணி, பெத்தவங்க குழந்தை ஃபோனைக் கட்டுப்படுத்துறதுக்குன்னு இருக்கிற கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப் வழியா பையன் பேர்ல, அவன் உண்மையான பிறந்த தேதியைப் போட்டு ஒரு அக்கவுண்ட் திறங்க. நிறைய பேர் சீக்கிரம் முடியட்டும்னு 2000ம் வருஷம்னு தேதியைப் போட்டுடுறாங்க, அந்த நிமிஷமே அவன் ஏலத்துல பெரிய ஆளாயிடுறான். சரியான வயசு போட்டா, கூகுள் அந்த அக்கவுண்டுக்கு ஆர்வத்தை வெச்சு குறிபார்க்கிற விளம்பரம் காட்டாது, ஆப் இன்ஸ்டால் பண்ணணும்னா உங்க ஃபோனுக்கு அனுமதி கேட்டு வரும், குரோம்ல ஹிஸ்டரில பதியாம பாக்குற இன்காக்னிட்டோ திறக்காது, வேணும்னா நீங்க சரின்னு சொன்ன சைட் மட்டும்தான் திறக்கணும்னு வெச்சுக்கலாம். விளம்பரமே வராதுன்னு நினைச்சுக்காதீங்க. வரும். என்ன வித்தியாசம்னா பஸ் ஸ்டாண்ட் சுவர்ல ஒட்டின போஸ்டர் மாதிரி எல்லாருக்கும் பொதுவா வரும், பின்னாடியே வந்து சட்டையைப் பிடிச்சு இழுக்காது.

தனி ஃபோன் இல்ல, உங்களதைத்தான் கொடுக்கணும்னா, உங்க கூகுள் அக்கவுண்ட்ல மை ஆட் சென்டர்னு ஒரு இடம் இருக்கு, அங்க பர்சனலைஸ்டு ஆட்ஸ் ஆஃப் பண்ணலாம். அதை ஆஃப் பண்ண இஷ்டம் இல்லன்னா அதுக்குள்ளயே சென்சிட்டிவ்னு ஒரு பகுதியில சூதாட்டம், மது, டேட்டிங், உடம்பு குறைக்கிறது இதையெல்லாம் குறைச்சுக் காட்டச் சொல்லலாம். "குறைச்சு"னுதான் அவங்களே சொல்றாங்க, முழுசா நிக்கும்னு சொல்லல, அதுவும் கூகுள் வழியா வர்ற ஆடுக்கு மட்டும். ஆண்ட்ராய்ட் 12க்கு மேலன்னா ஃபோன் செட்டிங்ஸ்ல கூகுள், ஆட்ஸ் போய் அட்வர்டைசிங் ஐடியை, அதாவது விளம்பரக்காரங்க உங்க ஃபோனை அடையாளம் வெக்கிற நம்பரை, டெலீட் பண்ணலாம், பத்து செகண்ட் வேலை. ஐஃபோன்னா பிரைவசி செட்டிங்ஸ்ல டிராக்கிங் போய், உங்களைப் பின்தொடர ஆப்புங்க அனுமதி கேக்குறதையே நிறுத்தி வெச்சிடலாம், அது 2021ல வந்தது.

கேமுக்கு வர்றேன், உங்க வீட்டுப் பிரச்சினைல பாதி இங்கதான் இருக்கும்னு நினைக்கிறேன். ஒரு ஆப் செய்றவர் கூகுளோட விளம்பரத்தைத் தன் ஆப்ல காட்ட ஒத்துக்கும்போது, இது குழந்தைகளுக்கான ஆப்னு ஒரு குறி போடலாம், எந்த ரேட்டிங் வரைக்கும் ஆட் வரலாம்னும் வெக்கலாம், எல்லாருக்கும் பொருந்துறதுல இருந்து பெரியவங்களுக்கு மட்டும் வரைக்கும் நாலு படி இருக்கு. குழந்தைக்குன்னு குறி போட்டா ஏலத்துக்கு வர்ற ஆளுங்க குறைஞ்சு வருமானமும் குறையும். அதனால ஓடுற கேம், மிட்டாய் சேர்க்கிற கேம், லூடோ, இதையெல்லாம் ஆடுறதுல நிறைய பேர் குழந்தைங்கன்னு ஊருக்கே தெரிஞ்சாலும் "பொதுவான ஆப்"னு பதிவு பண்ணிடுறவங்க உண்டு. நீங்க பார்க்கிற அரைகுறை டிரஸ் விளம்பரம் இந்த ஓட்டை வழியா வர்றதா இருக்கும். பிளே ஸ்டோர்ல இன்ஸ்டால் பட்டன் பக்கத்துலயே "கன்டெய்ன்ஸ் ஆட்ஸ்", "இன் ஆப் பர்ச்சேசஸ்"னு சின்னதா எழுதியிருக்கும், அதைப் பாக்காம எதையும் இறக்காதீங்க. கிட்ஸ் பகுதில டீச்சர் அப்ரூவ்டு முத்திரை இருக்கிறது கொஞ்சம் பரவால்ல ரகம், அதுலயும் ஆட் இருக்கலாம்.

சின்னக் குழந்தைகளோட ஆப்ல விளம்பரம் எவ்வளவு இருக்குன்னு அமெரிக்கால மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆளுங்க 2018ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, அஞ்சு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க ஆடுற 135 ஆப்பை ஆராய்ஞ்சு பார்த்ததுல 95 சதவீதத்துல ஏதோ ஒரு வகைல விளம்பரம் இருந்துச்சு. பேனர் மட்டும் இல்ல, ஆட்டத்துல வர்ற பொம்மையே "இதை வாங்கு"னு சொல்றது, வாங்கலன்னா அழுற மாதிரி முகத்தை வெச்சுக்கிறது, எல்லாம் அதுல சேரும். கண்ணுக்கே தெரியாத எக்ஸ் பட்டன், வீடியோ பார்த்தா இன்னொரு உயிர் தர்றேன்ங்கிறது, கேம் விளம்பரத்துல வர்ற கை வேணும்னே தப்பா ஆடித் தோத்துக் காட்டுறது, இதெல்லாம் யோசிச்சு செய்ற வேலை. அந்தக் கை தோக்கும்போது பையன் "ஐயோ நான்னா ஜெயிச்சிருப்பேன்"னு சொல்லுவான் பாருங்க, அதுக்குத்தான். விளம்பரத்துல காட்டுற ஆட்டமும் உள்ள இருக்கிற ஆட்டமும் வேறன்னு சொல்லி பிரிட்டன்ல விளம்பரங்களைக் கவனிக்கிற அமைப்பு 2020ல ஒரு பிரபல கேம் கம்பெனியோட ரெண்டு விளம்பரத்தைத் தடை பண்ணுச்சு, ஆனா அந்த பாணி இன்னும் அப்படியேதான் இருக்கு.

இதுக்கு ரொம்ப சுலபமான மருந்து, நெட் தேவைப்படாத கேம்னா ஏரோப்ளேன் மோட்ல போட்டுக் கொடுங்க. ஆட் எல்லாம் நெட்ல இருந்துதான் வரணும், நெட் இல்லன்னா புதுசா வராது. சில ஃபோன்ல அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் டேட்டா, வைஃபை ரெண்டையும் துண்டிக்கவே செட்டிங் இருக்கும். சில கேம் நெட் இல்லன்னா அடம் பிடிக்கும், அப்படி அடம் பிடிக்கிறதைத் தூக்கிடுங்க, கேமுக்கா பஞ்சம். விளம்பரமே இல்லாம நல்லதும் இருக்கு: கான் அகாடமி கிட்ஸ், ஸ்கிராட்ச் ஜூனியர், ஜிகாம்ப்ரி, மூணுமே இலவசம், மூணுலயும் ஆட் கிடையாது. எட்டு வயசுக்கு முதல் ஆப் கொஞ்சம் சின்னப்புள்ளத்தனமா தெரியலாம், ஸ்கிராட்ச் ஜூனியர்ல அவனே கதை செய்யலாம். காசு கொடுத்தா பரவால்லன்னா கூகுள் பிளே பாஸ் இருக்கு, இந்தியால 2022ல மாசம் 99 ரூபாய்க்கு ஆரம்பிச்சாங்க, அதுல சேர்ந்த கேம் எல்லாம் ஆடும் இல்லாம உள்ள காசு கேக்குறதும் இல்லாம ஓடும்.

வெப்சைட்டுக்கு, ஃபோன்ல இருக்கிற குரோம்ல எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோட சேர்த்துப் போடுற குட்டி ஆப்) போட முடியாது, அதனால அவன் ப்ராஜெக்ட் தேடுறதுக்கு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் இறக்கி அதுல யூப்ளாக் ஆரிஜின்ங்கிற ஆட் பிளாக்கரைப் போட்டுக் கொடுங்க. பேரை முழுசா பாருங்க, "ஆரிஜின்"ங்கிறது இருக்கணும், கிட்டத்தட்ட அதே பேர்ல வேற ஆள் செஞ்சதெல்லாம் உலாத்துது. கம்ப்யூட்டர்ல குரோம்தான் வேணும்னா இப்ப அதுல பழைய யூப்ளாக் ஓடாது, லைட்னு ஒரு குறைச்ச வடிவம் இருக்கு, பரவால்ல, வேலை செய்யும். பிரேவ் பிரவுசர்ல தடுப்பு உள்ளயே இருக்கு. ஐஃபோன்னா சஃபாரில கன்டென்ட் பிளாக்கர் போடலாம். ஆட் தொழில்ல இருந்துக்கிட்டு இதைச் சொல்றியேன்னு யாராவது கேக்கலாம், எட்டு வயசுப் பையன் கிளிக்ல எனக்கு ஒரு பைசா லாபம் இல்லன்னு மேலயே சொல்லிட்டேன். ஆனா விளம்பரத்தை நம்பி நடக்கிற சின்னச் சின்ன தமிழ் சைட்டுங்க இருக்கு, உங்க சொந்த பிரவுசர்ல அதுக்கு மட்டும் பிளாக்கரை அணைச்சு வெச்சீங்கன்னா புண்ணியமா போகும்.

பிரவுசர், கேம் ரெண்டையும் ஒரே அடில பிடிக்கணும்னா ஆண்ட்ராய்ட் 9ல இருந்து பிரைவேட் டிஎன்எஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள்ள. டிஎன்எஸ்ங்கிறது ஒரு சைட்டோட பேரைச் சொன்னா அது எந்த சர்வர்ல இருக்குன்னு சொல்ற டைரக்டரி மாதிரி. அங்க ஹோஸ்ட்நேம் கேக்கும், ஃபேமிலி புள்ளி ஆட்கார்ட் ஹைஃபன் டிஎன்எஸ் புள்ளி காம், இதை இங்கிலீஷ்ல டைப் பண்ணி சேவ் பண்ணுங்க. ஃபோன் எந்த விளம்பர சர்வரைத் தேடினாலும் அப்படி ஒண்ணு இல்லன்னு சொல்லிடும், ஆபாச சைட்டும் திறக்காது, தனியா ஆப் வேண்டாம், காசும் இல்ல. குறை என்னன்னா, என்னென்ன சைட் போறீங்கங்கிறது இனி அந்தக் கம்பெனி சர்வர் வழியா போகும், அதை நம்புறது நம்பாதது உங்க இஷ்டம். எதாவது ஆப் அடம் பிடிச்சா, இல்ல ரயில்வே ஸ்டேஷன் வைஃபைல லாகின் பக்கமே வரலன்னா இதை ஆட்டோமேட்டிக்குக்கு மாத்திட்டு அப்புறம் திரும்பப் போட்டுக்கணும். கிளவுட்ஃப்ளேர் கம்பெனியோட 1.1.1.3ங்கிற இன்னொரு டிஎன்எஸ் பத்தியும் நிறைய பேர் சொல்லுவாங்க, அது 2020ல இருந்து இருக்கு, ஆபாசத்தையும் வைரஸ் சைட்டையும் தடுக்கும், விளம்பரத்தைத் தடுக்கிறதுக்காக வந்தது இல்ல, அதைப் போட்டுட்டு ஆட் நிக்கலன்னு திட்டாதீங்க.

யூடியூப்ல இந்த டிஎன்எஸ் வித்தை பலிக்காது, ஏன்னா வீடியோ வர்ற அதே இடத்துல இருந்துதான் ஆடும் வருது, ஒண்ணை அடைச்சா ரெண்டும் போயிடும். அங்க வழி யூடியூப் கிட்ஸ், இல்ல ஃபேமிலி லிங்க் அக்கவுண்ட்ல கண்காணிப்போட பாக்குற யூடியூப், இல்ல காசு கட்டி ஆட் இல்லாம பாக்குற பிரீமியம். யூடியூப் கிட்ஸ்ல ஆட் உண்டு, ஆனா சாப்பாடு, குளிர்பானம் ஆட் போட விட மாட்டாங்க, ஆடைத் தொட்டா வெளிய எங்கயும் போகாது. நாமளே தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும்னு வெச்சு சர்ச்சையும் அணைச்சுக்கலாம். மெயின் யூடியூப்லயும் "குழந்தைகளுக்கானது"னு குறி போட்ட வீடியோல 2020 ஜனவரில இருந்து குறிபார்க்கிற விளம்பரம் கிடையாது. 13 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க தகவலைப் பெத்தவங்க அனுமதி இல்லாம எடுத்தாங்கன்னு 2019ல அமெரிக்க அரசு கேஸ் போட்டு, கூகுள் 17 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு, அதுக்கப்புறம் வந்த மாற்றம் அது. பிரீமியம் வாங்கணுமான்னா, டிவிலயும் வீடு முழுக்க யூடியூப்தான்னா வாங்குங்க, நிம்மதி, பையனுக்காக மட்டும்னா கிட்ஸ் ஆப்பே போதும்னு என் எண்ணம். ஆட் இல்லாத யூடியூப்னு ஏபிகே ஃபைலா (பிளே ஸ்டோர் வழியா இல்லாம நேரா ஏத்துற ஆப்) வாட்ஸ்ஆப்ல சுத்துறதை மட்டும் குழந்தை ஃபோன்ல ஏத்தாதீங்க, உள்ள என்ன வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்.

பிரீமியம் வாங்கினாலும் பிளாக்கர் போட்டாலும் தடுக்க முடியாத ஒண்ணு இருக்கு, வீடியோவே விளம்பரமா இருக்கிறது. ஒரு குட்டிப் பையன் பொம்மை டப்பாவைப் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுவான், ஒரு அண்ணன் சாக்லேட்டை வெச்சு சேலஞ்ச் பண்ணுவார், அதை எந்த மெஷினும் விளம்பரம்னு பிடிக்காது. இங்கதான் வயசு முக்கியமாகுது. ஏழு எட்டு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்களுக்கு விளம்பரம்னா நம்மள வாங்க வெக்கப் பேசுறதுங்கிறது சரியா பிடிபடாதுன்னு ஆராய்ச்சிங்க திரும்பத் திரும்பச் சொல்லுது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2020ல டிஜிட்டல் விளம்பரம் பத்தி வெளியிட்ட அறிக்கைல அதையேதான் சொல்லியிருக்கு. உங்க பையன் அந்த எல்லைலதான் நிக்கிறான், சொல்லிக் கொடுக்க நல்ல நேரம். பக்கத்துல உக்காந்து "இது வீடியோவா ஆடா, யாரு காசு கொடுத்திருப்பாங்க"னு ஒரு ஆட்டமா ஆடுங்க. ஓரத்துல "ஆட்", "ஸ்பான்சர்டு"னு போட்டிருக்கிறதைக் காட்டுங்க, பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருக்கும், எட்டு வயசுப் பையன் கண்ணு அங்க தானா போகாது. மிரட்டுற பாக்ஸ் வந்தா எக்ஸைத் தேடாம ஹோம் பட்டனை அழுத்திட்டு உங்ககிட்ட கொண்டு வரணும்னு சொல்லி வைங்க, பல ஆட்ல அந்த எக்ஸே பொய். கொண்டு வந்தா திட்ட மாட்டேன்னு சொல்லணும், சொன்ன மாதிரி திட்டாம இருக்கணும், ஏற்கனவே ஒரு தடவை அழ வெச்சாச்சு, அதனால இப்ப இது கொஞ்ச நாள் எடுக்கும்.

சட்டம் ஒண்ணும் இல்லையான்னா, இருக்கு. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துல 9வது பிரிவு, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கிறதும் அவங்களைக் குறிவெச்சு விளம்பரம் போடுறதும் கூடாதுன்னு சொல்லுது. விதிமுறைங்க 2025 நவம்பர்லதான் வந்துச்சு, கம்பெனிங்களுக்கு 18 மாசம் அவகாசம், அதாவது 2027 மே வாக்குலதான் அது முழுசா கடிக்க ஆரம்பிக்கும். அப்பவும் உங்க ஜிமெயில்ல லாகின் ஆன ஃபோனை அவன் பார்த்தா, சட்டத்தோட கண்ணுக்கு அங்க குழந்தையே தெரியப் போறதில்ல. ரம்மி விஷயத்துல தமிழ்நாடு 2023ல தனியா தடைச் சட்டம் போட்டுச்சு, அதுல ரம்மிக்கான தடையை அதே வருஷம் சென்னை ஹைகோர்ட் ரத்து பண்ணிடுச்சு, 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு, காசு கட்டி ஆடுற ஆன்லைன் கேமுக்கும் அதோட விளம்பரத்துக்கும் சேர்த்தே தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. வெளிநாட்டுல இருந்து நடத்துற பெட்டிங் கும்பல் மட்டும் நியூஸ் சைட், கிரிக்கெட் ஸ்கோர் சைட்னு முகமூடி போட்டுக்கிட்டு இன்னும் வருவாங்க. பாத்தா மூணு புள்ளியைத் தொட்டு ரிப்போர்ட் பண்ணுங்க, உடனே போயிடும்னு சொல்ல மாட்டேன், ஆனா ரிப்போர்ட் நிறைய விழுந்தா அந்த அக்கவுண்டையே முடக்குறதை எங்க பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

ஃபோனையே கொடுக்காம விடுறது உங்க வீட்டு முடிவு, அதுல நான் தலையிடல. ஸ்கூல்ல ப்ராஜெக்ட் கொடுத்துக்கிட்டேதான் இருப்பாங்க, நீங்க கொடுக்கலன்னா பக்கத்து வீட்டு அண்ணன் ஃபோன்ல பார்ப்பான், அதுல மேல சொன்ன எதுவும் இருக்காது, அவ்வளவுதான் என் கணக்கு.

கடைசியா நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா இன்னைக்கே பாருங்க. பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன் ஒவ்வொரு தடவையும் கேக்குற மாதிரி வைங்க, யூபிஐ பின் பையனுக்குத் தெரியும்னா மாத்துங்க, யூபிஐ ஆப்புக்குள்ள ஆட்டோபே பகுதில தெரியாத சந்தா எதாவது ஓடுதான்னு பாருங்க. கேமுக்குள்ள தெரியாம காசு போயிருந்தா 48 மணி நேரத்துக்குள்ள கூகுள் பிளேல ரீஃபண்ட் கேளுங்க, தாண்டிட்டா அந்த கேம் கம்பெனிகிட்டதான் போய் நிக்கணும். விளம்பரத்தைத் தொட்டு, பேங்க் விவரம் கொடுத்து பணம் போயிருந்தா அது வேற கதை, சைபர் குற்றத்துக்கான உதவி நம்பர் 1930க்கு உடனே கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில நிறுத்தி வெக்க வாய்ப்பு அதிகம்.